‘நைசா’வுக்கு இங்கிலீஷில் என்ன?

மார்ச் 2

நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுறேன். கையெழுத்தைப் பாத்ததும் உறையைப் பிரிக்காம மூலையில போட்டுடாதே. சண்டை போட எழுதல. ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் வேணும், அவ்வளவுதான். டேப்ல பேசுறதைக் கேட்டு இங்கிலீஷ்ல எழுதித் தர்ற வேலை உனக்கு. உன்னை விட்டா எனக்கு யாரைத் தெரியும்?

போன் பண்ணியிருக்கலாமேன்னு கேப்பே. போன்ல நீயும் நானும் பத்தாவது வார்த்தையில மல்லுக்கு நிப்போம். ரெண்டு வருஷமா பேசாம இருந்ததுக்கு அந்தச் சண்டையோட ஆரம்பிக்க வேணாம். லெட்டர்னா குறுக்க பேச முடியாது, நான் சொல்றதை நீ முழுசா கேட்டுத்தான் ஆகணும்.

நான் வேலை பாக்குற முதியோர் இல்லத்துல எனக்கு மூணு பக்கத்துக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்திருக்காங்க. எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். பதினோராம் நம்பர் ரூம் பெரியவரோட காது மெஷின் காணாம போச்சு. நான் எடுத்தேன்னு எங்கயும் எழுதல. ஆனா சுத்திச் சுத்தி என் பேர் வர்ற இடத்துல எல்லாம் ஒரே வார்த்தை வருது. ஸ்னீக். மூணு இடத்துல இருக்கு, எண்ணிட்டேன்.

முதல்ல அதை ஸ்நேக்னு படிச்சுத் தொலைச்சேன். என்னைப் பாம்புன்னு எழுதற அளவுக்கு நான் யாரைக் கொத்தினேன்னு ரத்தம் கொதிச்சுப் போச்சு. லாண்டரில இருக்கிறவ வாங்கிப் பாத்துட்டு, “அக்கா, எழுத்து வேற, இது ஏதோ ஷூ”ன்னா. கேன்டீன்காரர், “படம் வர்றதுக்கு முன்னாடி கொஞ்சூண்டு காட்டுவாங்களே, அதும்மா இது”ன்னார். பாம்பு, ஷூ, சினிமா. மூணுல எதுக்காக என்னை விசாரிக்கிறாங்கன்னு நீயே சொல்லு.

இப்போ என்னை வார்டுக்குள்ள விடறதில்ல. கீழ லாண்டரில நின்னு நாள் பூரா பெட்ஷீட் மடிக்கிறேன். இருபத்தஞ்சாம் தேதி விசாரணை. ஒன்பது வருஷம் ஒரு கெட்ட பேர் இல்லாம வேலை பாத்துட்டேன். அவங்க போன்னு சொன்னா, திருட்டுப் பட்டத்தோட வேற எந்த இடத்துல சேத்துப்பாங்க? நான் அந்த வார்டுக்குத் திரும்பிப் போகணும். அதுக்கு முதல்ல, என்னை என்னன்னு திட்டியிருக்காங்கன்னு தெரியணும்.

அண்ணி


மார்ச் 6

அண்ணிக்கு,

லெட்டர் கிடைச்சது. மூலையில போடல.

இதுக்காவது என்கிட்ட சொல்லணும்னு தோணுச்சே, சந்தோஷம். சரி, அதைக் கிளற வேணாம்னு நீங்க சொல்லியாச்சு. விஷயத்துக்கு வர்றேன்.

அந்த மூணு பேர்ல யாரும் பொய் சொல்லல, பாம்பைத் தவிர. ஸ்னீக்னா முதல் அர்த்தம், அடுத்தவங்க கண்ணுல படாம நடமாடறது. பதுங்கிப் போறது, நழுவி வர்றது, கள்ளத்தனமா உள்ள நுழையறது எல்லாம் இதுல வரும். ரப்பர் அடி வெச்ச ஷூ நடக்கறப்ப சத்தம் போடாது, அதனால அதுக்கு இதை வெச்சே ஒரு பேர். திரை விலகறதுக்கு முன்னாடி எட்டிப் பாக்குறதுக்கும் இதுதான். கேன்டீன்காரர் தப்பா சொல்லல.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. சத்தமில்லாம போறதுக்கு இங்கிலீஷ்ல ஒரு டஜன் வார்த்தை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். டிப்டோன்னு ஒண்ணு இருக்கு, நுனிக்கால்ல நடக்கறது. குழந்தை தூங்குது, எழுப்பிடக் கூடாதுங்கறவங்க நடை அது. க்ரீப்னா செடி தரையோட படருதே, அந்த மாதிரி மெல்ல ஊர்றது, கேக்கவே கொஞ்சம் உடம்பு கூசும். திருடறதுக்குச் சொல்ற ஸ்டீல்ங்கற வார்த்தையையே, ஓசைப்படாம வர்றதுக்கும் போடுவாங்க, ஆனா அதுல குத்தம் ஒட்டாது. ஸ்னீக்ல ஒட்டும். மாட்டிக்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்க நடை அது. சில சமயம் விளையாட்டாவும் சொல்லுவாங்க, சர்க்கரை வியாதிக்காரர் சாக்லேட் எடுக்கப் போனார்னா அதுவும் ஸ்னீக்தான். விசாரணை நோட்டீஸ்ல விளையாட்டு இருக்காது.

பேர்ச்சொல்லா போட்டா இன்னொரு அர்த்தம் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க டீச்சர்கிட்ட போட்டுக் கொடுக்கறவளை அப்படித்தான் கூப்பிடும். கோள்மூட்டி.

அதனால வார்த்தை மட்டும் போதாது. மூணு வாக்கியத்தையும் எழுத்து மாறாம எழுதி அனுப்புங்க. யார் சொன்னது, எந்த பாஷையில சொன்னாங்கன்னும் எழுதுங்க.

உடம்பைப் பாத்துக்கோங்க. லாண்டரில நின்னுக்கிட்டே இருந்தா முட்டி வலிக்கும்.


மார்ச் 9

டிக்சனரிக்கு,

உங்க அண்ணன் உன்னை அப்படித்தான் கூப்பிடுவார், சும்மாவா கூப்பிட்டார்! நான் ஒரு சொம்பு தண்ணி கேட்டேன், நீ கிணத்தையே அனுப்பிட்டே. லாண்டரில எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். இப்போ டிப்டோ, க்ரீப்னு ஆளாளுக்கு நடந்து காட்டிச் சிரிச்சுக்கிட்டு கிடக்குதுங்க.

வாக்கியம் கேட்டியே. கடைசியில இருந்து சொல்றேன். மூணாவது, வார்டு இன்சார்ஜ் எழுதினது. மத்த ஊழியருங்க என்னை ‘எ ஸ்னீக்’னு சொல்றாங்களாம். நீ சொன்ன கோள்மூட்டிதான் இது. ஏன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேர் பெரியவங்களை ஈரத் துணியிலயே மணிக்கணக்கா போட்டு வைக்கிறாங்கன்னு போன வருஷம் மேல சொன்னேன். அதுக்குப் பேர் கோள்னா, நான் கோள்மூட்டியாவே இருந்துட்டுப் போறேன்.

ரெண்டாவது, ‘ஸ்னீக்கிங் இன்’ சம்பந்தமா பதில் சொல்லுன்னு கேள்வி. அது முதலாவதை வெச்சு வந்தது. ஆக எல்லாத்துக்கும் வேர் அந்த முதலாவதுதான். அப்படியே எழுதறேன். ‘ஷூஸ் இன் ஹேண்ட், ஷீ ஸ்னீக்டு இன்டு ரூம் லெவன்.’

இதைச் சொன்னது தரை துடைக்கிற அம்மா. தமிழ்லதான் சொல்லியிருக்கு. அதுக்கு இங்கிலீஷ் ஏது? அது பேசினதை டேப்ல பிடிச்சு, வெளிய எங்கயோ அனுப்பி மொழிபெயர்த்து வாங்கியிருக்காங்க. நான் போய் நறுக்குன்னு கேட்டேன், “நான் கள்ளத்தனமா போனேன்னா சொன்னே?”ன்னு. அது ஓன்னு அழுதுடுச்சு. “ஐயோ அக்கா, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நைசா உள்ள போனாங்கன்னுதான் சொன்னேன், நல்ல விதமாத்தான் சொன்னேன்”னு தலையில அடிச்சுக்கிச்சு. நைசான்னா பூப்போல, பதமான்னு தானே அர்த்தம்? மாவு நைசா அரைச்சிருக்குன்னு சொல்றதில்லையா?

பக்கத்துக்குக் கீழ மொழிபெயர்த்தவங்க பேர்கூட இல்ல. டி-47னு ஒரு நம்பர். எவனோ எவளோ, சம்பந்தமே இல்லாம எங்கயோ உக்காந்துக்கிட்டு ஒரு வார்த்தையைத் தட்டி என் வயித்துல அடிச்சுட்டுப் போயிருக்கு. அந்தக் கை விளங்குமா?

இன்னொண்ணு. ‘இதுக்காவது’ன்னு ஆரம்பிச்சிருந்தியே. நான் கிளறல, நீதான் கிளறினே. உங்க அண்ணன் நோயை நாலு மாசம் உன்கிட்ட மறைச்சேன். அவர் என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினார். “அவ பரீட்சை முடியட்டும், வேலையில சேரட்டும், அப்புறம் சொல்லலாம்”னார். அவரே முந்திக்குவார்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. நீ வந்து வாசல்ல நின்னு கேட்ட கேள்விக்கு அன்னைக்கும் இதைத்தான் சொன்னேன், இன்னைக்கும் இதைத்தான் சொல்றேன்.

இருபத்தஞ்சாம் தேதிக்கு நான் என்ன பேசணும்னு எழுது.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

பதில் தாமதமாயிடுச்சு. வேலை ஜாஸ்தி.

விசாரணையில நீங்க அதிகம் பேசவே வேணாம். அந்த டேப்பை மறுபடியும் போட்டுக் கேக்கச் சொல்லுங்க. நைசாங்கற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்குன்னு சொல்லுங்க. வேற ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

மத்தபடி, மொழிபெயர்த்தவர் மேல தப்பு சொல்றது நியாயமில்லன்னு நினைக்கிறேன். நைசா நழுவிட்டான், நைசா எடுத்துட்டான்னு நாமளே தினமும் சொல்றோம். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுன்னு முன்னாடியே வந்துடுச்சு. அதைக் கேட்ட பிறகு எவ்வளவு நேர்மையான ஆளும் ஸ்னீக்னுதான் போடுவாங்க. ஒரு நாளைக்கு நாப்பது டேப் வரும். பேர் வர்ற இடத்துல எல்லாம் பீப்னு ஒரு சத்தம் மட்டும் இருக்கும். யாரு, எந்த ஊரு, என்ன வழக்குன்னு எதுவும் தெரியாது. டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. அவங்களும் வேலைதான் பாக்குறாங்க.

பழசைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன்.

உடம்பைப் பாத்துக்கோங்க.


மார்ச் 17

இன்னைக்கு உனக்கு என்ன பேர் வைக்கறதுன்னு தெரியல, அதனால சும்மா ஆரம்பிக்கிறேன்.

நான் திட்டினது யாரோ ஒரு 47-ஐ. உனக்கு ஏன் சுட்டுச்சு? ஆறு நாள் கழிச்சு அரைப் பக்கம் எழுதியிருக்கே, அதுல முக்கால்வாசி அந்த 47-க்கு வக்காலத்து. முந்தின லெட்டர்ல ஒரு வார்த்தைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதின ஆளு நீ. பேர் வர்ற இடத்துல பீப்னு சத்தம் வரும்னு நான் உன்கிட்ட சொல்லவே இல்லையே.

எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது. உன்னைப் பதினெட்டு வருஷமா தெரியும். கல்யாணமாகி வந்தப்ப நீ ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு இருந்தே. ஏதாவது உடைச்சுட்டா, கேக்குறதுக்கு முன்னாடியே, “பீங்கான்னா உடையத்தான் செய்யும் அண்ணி”ன்னு பொதுவா பேச ஆரம்பிச்சுடுவே. அதே பேச்சுதான் இது.

நேரா கேக்குறேன், நேரா சொல்லு. 47 யாரு?

அண்ணி


மார்ச் 19

அண்ணி,

நான்தான்.

உங்க ரெண்டாவது லெட்டர்ல அந்த நம்பரைப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. வேலைக்குச் சேந்த அன்னைக்குக் கொடுத்த நம்பர் அது. என்னோட அட்டையில இருக்கு, என்னோட கம்ப்யூட்டர்ல ஒட்டியிருக்கு.

உண்மையைச் சொல்லணும்னா அதுக்கு முன்னாடியே உறுத்துச்சு. முதல் லெட்டர்ல பதினோராம் நம்பர் ரூம்னு படிச்சப்பவே எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. ஆயிரம் இல்லத்துல ஆயிரம் பதினொண்ணு இருக்கும்னு தள்ளிவிட்டேன். அந்த வார்த்தைக்கு இன்னொரு உபயோகம் இருக்கு, அன்னைக்கு நான் உங்களுக்கு எழுதல. மனசுக்குள்ள சத்தமில்லாம வந்து உக்காந்துக்கிற சந்தேகத்தையும் ஸ்னீக்கிங்னுதான் சொல்லுவாங்க. வேணும்னுதான் விட்டுட்டேன்.

அந்த டேப் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தம்மா மூச்சு வாங்கிப் பேசினாங்க. “மதியம் ரெண்டு மணி இருக்கும். அந்தக்கா செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, நைசா பதினொண்ணாம் நம்பருக்குள்ள போனாங்க.” நான் முதல்ல ‘சத்தமில்லாம’ன்னு வர்ற வார்த்தையைத்தான் தட்டினேன். அப்புறம் அழிச்சேன். ஏன்னு இந்த நாலு நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். யாரோ ஒருத்தர் யாருக்கும் தெரியாம ஒரு காரியம் செஞ்சார்னாலே எனக்கு ரெண்டு வருஷமா எரியுது. உங்களைப் பாக்காமலே உங்க மேல இருந்த கோபத்தை ஒரு முன்பின் தெரியாதவங்க மேல காட்டினேன். அந்த முன்பின் தெரியாதவங்க நீங்கதான்னு ஆயிடுச்சு. இதை நினைச்சா சோறு இறங்கல.

பதினஞ்சாம் தேதி எழுதினது கோழைத்தனம். மன்னிச்சுடுங்க.

இன்னைக்குக் காலையில உங்க விசாரணைக் குழுவுக்கு எழுதி, ஈமெயில்லயும் தபால்லயும் அனுப்பிட்டேன். நகல் இதோட இருக்கு. நைசாங்கற சொல்லுக்கு மெதுவா, பதமாங்கற அர்த்தமும் சம அளவுல உண்டு, நான் போட்ட சொல் குத்தம் சாட்டுற சொல், அதை வாபஸ் வாங்கி ‘சத்தமில்லாம’ன்னு திருத்தறேன்னு எழுதியிருக்கேன். சம்பந்தப்பட்டவங்க எனக்கு அண்ணி, இது டேப் வந்தப்ப எனக்குத் தெரியாது, இப்போ தெரிஞ்சதால சொல்றேன்னும் எழுதியிருக்கேன். மறைச்சா பின்னாடி அவங்களே கண்டுபிடிப்பாங்க, அப்போ உங்களுக்குத்தான் ஆபத்து. என் ஆபீசுக்கும் ஒரு நகல் போட்டுட்டேன்.

என் நம்பரை எடுத்துடுவாங்கன்னு நினைக்கிறேன். அதைப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம். போய் தைரியமா பேசுங்க.

உங்க நாத்தனார்


மார்ச் 29

டிக்சனரி,

வேலை திரும்பக் கிடைச்சிடுச்சு. முதல்ல அதைச் சொல்லிடுறேன், நகத்தைக் கடிச்சுக்கிட்டு படிக்காதே.

மூணு பேர் உக்காந்திருந்தாங்க. டேப்பைப் போட்டாங்க. அவங்களே வேற ஒரு மொழிபெயர்ப்பாளரை வர வெச்சிருந்தாங்க, நரைச்ச தாடிக்காரர். அவர் கேட்டுட்டு, “ரெண்டு விதமாவும் சொல்லலாம், இந்தம்மா குரல்ல குத்தம் சொல்ற தொனி இல்ல”ன்னார். உன் லெட்டரைப் படிச்சாங்க. அண்ணிங்கற வார்த்தை வந்ததும் மூணு பேரும் நிமிந்து என்னைப் பாத்தாங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. ஆனா தன் பொழைப்பைப் பணயம் வெச்சு ஒருத்தி பொய் எழுத மாட்டான்னு நடுவுல இருந்தவர் சொன்னார். இன்சார்ஜ் எழுதின கோள்மூட்டிப் பேச்சையும் அடிச்சுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு பெரியவரோட மெத்தையை மாத்தறப்ப கட்டில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல அந்தக் காது மெஷின் கிடைச்சுது. தரை துடைக்கிற அம்மாதான் கண்டுபிடிச்சு, கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வராந்தா பூரா ஓடுச்சு.

என்கிட்ட மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆகட்டும்னு பதினோராம் நம்பரை என் பொறுப்புலயே போட்டுட்டாங்க. இதுதான் விஷயம். இனிமே எழுதப் போறதை யார்கிட்டயும் சொல்லாதே.

நீ டேப்புக்கு எழுதி அனுப்பின ஸ்னீக்தான் சரி. அதை வாபஸ் வாங்கித் திருத்தினதுதான் தப்பு.

அந்தப் பெரியவருக்கு மெஷின் இல்லாம இடி விழுந்தாலும் கேக்காது. தூங்கப் போறப்ப கழட்டிடுவார். காது கேக்காத ஆளு தூங்குற ரூமுக்குள்ள போக எதுக்குச் செருப்பைக் கழட்டணும்? இவ்வளவு படிச்ச உனக்கு இது தோணலையே! அந்த மூணு பேருக்கும் தோணல, நான் செஞ்ச புண்ணியம். அவரை எழுப்பிடக் கூடாதுன்னு போகல. வராந்தால இருக்கிறவங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு போனேன். மாட்டிக்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்க நடைன்னு எழுதினியே, அதே நடைதான். ஒரு நாள் இல்ல, ஏழு மாசமா. எதுக்குப் போனேன்னு கேட்டாங்க. போர்வை விலகியிருக்கான்னு பாக்கப் போனேன்னு சொன்னேன். பொய்.

அவர் குறட்டை விடுவார். உங்க அண்ணன் குறட்டை மாதிரியே.

மாதிரின்னா ஏதோ ஜாடைன்னு நினைச்சுக்காதே. அப்படியே. ரெண்டு நீளமா இழுப்பார். மூணாவது பாதியில நின்னுடும். நின்னதும் எனக்கு இங்க மூச்சு நின்னுடும், பழைய பழக்கம். அப்புறம் தொண்டையைச் செருமற மாதிரி ஒரு சின்ன உறுமல், மறுபடி ரெண்டு நீளம். ஒரு நாள் மதியம் தண்ணி ஜக்கை எடுத்துக்கிட்டு அந்தக் கதவைத் தாண்டினேன், கேட்டுச்சு. கால் நகரல. ஜக்கைத் தரையில வெச்சுட்டு அங்கேயே நின்னேன்.

பதினாறு வருஷம் அந்தக் குறட்டையைத் திட்டியிருக்கேன். விலாவுல முழங்கையால இடிச்சிருக்கேன். தலைகாணியைத் தூக்கிட்டு வேற ரூமுக்குப் போயிருக்கேன். அவர் போனப்புறம் அந்த வீடு சத்தமே இல்லாம கிடக்குது பாரு, அதுல எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. அதனால தினமும் சாப்பாட்டு நேரத்துல பத்து நிமிஷம். அவர் முகத்தைக்கூட நான் பாக்கறதில்ல, பாத்தா வேற ஆளுன்னு தெரிஞ்சிடும். கதவோரத்து ஸ்டூல்ல சுவரைப் பாத்து உக்காந்துக்குவேன்.

இதை எந்த வாயால அந்த மூணு பேர்கிட்ட சொல்ல? முன்னப்பின்ன தெரியாத ஆம்பளையோட குறட்டையைக் கேக்கப் போனேன்னா, வேலையும் போயி என்னை வேற வார்டுல சேத்திருப்பாங்க.

நீ எனக்காக உன் நம்பரைக் கொடுத்துட்டே. உன்கிட்ட மறுபடியும் ஒண்ணை மறைச்சு வெச்சுக்க எனக்கு மனசு வரல. அதான் எழுதிட்டேன். கோபம் வந்தா திட்டி எழுது.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

என் நம்பரை ஆறு மாசத்துக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க. எடுத்துடல. அதுவரைக்கும் பழைய பத்திரம் டைப் அடிக்கிற வேலை. பரவாயில்ல, அதுல யார் குரலும் இல்ல.

உங்க லெட்டரை நாலு தடவை படிச்சேன். கோபம் வரல. பொறாமையா இருந்துச்சு, அதைச் சொல்லிடுறேன். உங்களுக்குப் பதினாறு வருஷம் கிடைச்சுது. எனக்கு அதுக்கு முன்னாடி இருந்த வருஷங்கள். நடுவுல ஒரு மரப் பலகைதான் தடுப்பு, அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். பரீட்சைக்கு முந்தின நாள் பலகையைத் தட்டித் தட்டி என் கை வலிக்கும். அண்ணன் ஒரு நிமிஷம் நிறுத்தி, “டிக்சனரி, நீ படி, நான் தூங்கல”ன்னு சொல்லிட்டு உடனே ஆரம்பிச்சுடும்.

நீங்க ரெண்டு நீளம், ஒரு நிறுத்தம், ஒரு உறுமல்னு எழுதினதும் நான் ஆபீஸ்லயே அழுதுட்டேன். கடைசியில அண்ணனை நான் பாக்கல. குரலைக்கூட எதுலயும் பிடிச்சு வைக்கல. ஊர் பூரா டேப் கேக்குறவளுக்கு சொந்த அண்ணன் குரல் ஒரு நிமிஷம் கிடையாது. அதுக்கு உங்களைத் திட்டினேன். சத்தியம் வாங்கினது அண்ணன்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். செத்துப் போனவரைத் திட்ட முடியல, நீங்க எதிர்ல நின்னீங்க.

வர்ற பன்னெண்டாம் தேதி காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். சாயங்காலம் வந்துடுவேன். மறுநாள் மதியம் உங்க இல்லத்துக்கு வர்றேன். பார்வையாளர் நோட்டுல ‘உறவு’ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல அந்தப் பெரியவருக்கு நான் என்ன ஆகணும்னு யோசிச்சு வைங்க, எனக்கு எந்த பாஷையிலயும் வார்த்தை வரல.

ஸ்டூல் ஒண்ணுதான் இருக்குன்னா நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கிறேன்.

உங்க நாத்தனார்